1777-இல் பச்சையும் நீலமும் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கச் சுதந்திர தின வாணவேடிக்கை எப்படித் தொடங்கியது என்ற கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால் அதனுடன் வந்த ஓவியம் முற்றிலும் தவறு. 1777 ஜூலை 4 இரவு பிலடெல்பியா வானத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக வாணங்கள் பூத்துச் சொரிவதாக வரைந்திருக்கிறார்கள். அந்த நிறங்களை அவ்வளவு தெளிவாக வானில் காட்ட அன்று உலகில் எந்த வாணக்காரருக்கும் வழியில்லை.

அன்று நடந்ததை மறுநாள் வந்த ‘பென்சில்வேனியா ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகை எழுதியிருக்கிறது. பகலில் ஆற்றில் நின்ற போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றும் 13 பீரங்கி முழக்கின. இரவில் பொதுத்திடலில் 13 ராக்கெட்டுடன் வேடிக்கை தொடங்கி, 13 ராக்கெட்டுடன் முடிந்தது. மாகாணத்துக்கு ஒன்று என்று கணக்கு. வீடுகளின் ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். ஆங்கிலேயரை எதிர்த்து நடந்த போருக்கே வெடிமருந்து போதாமல் பிரான்சிலிருந்து தருவித்துக்கொண்டிருந்த காலத்தில் இதைச் செய்தார்கள் என்பது கட்டுரையில் விடுபட்டுவிட்டது. செப்டம்பரில் அந்த நகரமே ஆங்கிலேயர் கைக்குப் போனது.

வழக்கம் புதிதும் அல்ல. அரசர் பிறந்தநாளுக்கும் போர் வெற்றிக்கும் வாணம் விடுவது ஆங்கிலேயர் மரபு. அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் ஆங்கிலேய அரசு விதித்த முத்திரை வரிச் சட்டம் 1766-இல் ரத்தானபோது பாஸ்டன் மக்களும் அப்படித்தான் கொண்டாடினார்கள். மன்னருக்குச் செய்ததைக் குடியரசுக்குச் செய்தார்கள். என் பார்வையில் இதன் தொடக்கம் அதுதான்.

இனி நிறத்துக்கு வருகிறேன். அன்றைய துப்பாக்கி மருந்து ஏறத்தாழ வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. ராக்கெட்டுக்குக் கரியைக் கூட்டி, எரியும் வேகத்தைக் குறைப்பார்கள். தாளைக் கோலில் சுற்றி ஒட்டிக் குழல் செய்து, அடிக்கழுத்தைக் கயிற்றால் இறுக்குவார்கள். நடுவில் கூம்பு முள்ளை நிறுத்தி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடிப்பார்கள். முள்ளை உருவியதும் நடுவே நிற்கும் குடைவின் சுவரில்தான் தீ பற்றும். இடிப்பது சீராக இல்லாவிட்டால் மருந்தில் விரிசல் விழும். அதற்குள் தீ புகுந்தால் எரியும் பரப்பு ஒரே நொடியில் பெருகி, ராக்கெட் தாங்கியிலேயே வெடித்துவிடும். ராக்கெட்டை நேராக நிறுத்தக் கட்டும் குச்சி குட்டையானால் நேரே ஏறாமல் சுழன்று கூட்டத்தின் மேல் பாயும்.

இந்த மருந்து தருவது கரியின் செம்மஞ்சள் பொறி. இரும்புத்தூள் சேர்த்தால் பொன்னிறம். அஞ்சனக்கல் (ஆன்டிமனி சல்பைடு) சேர்த்தால் வெள்ளை. அவ்வளவுதான். தெளிவான நிறத்துக்கு இன்னும் சூடான சுவாலையும், உலோகத்தோடு சேர்ந்து ஒளிரக் குளோரினும் வேண்டும். இரண்டையும் தரும் பொட்டாசியம் குளோரேட்டை பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொலே தயாரித்தது 1780-களில்தான். அது வண்ண வாணங்களுக்கு வந்து சேர 1830-கள் ஆயின. சிவப்புக்கு வேண்டிய ஸ்ட்ரான்சியம் என்ற உலோகத்தை 1777-இல் யாரும் அறிந்திருக்கவே இல்லை. ஸ்காட்லாந்துக் கனிமம் ஒன்றில் புதிய தனிமம் இருப்பது 1790-இல்தான் தெரிந்தது. பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு. நீலம் இன்றைக்கும் சிரமம்: சூடு சற்று ஏறினால் செம்புக் குளோரைடு சிதைந்து நிறம் வெளுத்துவிடும்.

அந்த நிறங்களுக்குக் கொடுத்த விலையும் பெரிது. குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்து லேசான உரசலிலேயே பற்றிக்கொள்ளும். பிரிட்டன் 1894-இல் அந்தக் கலவையைத் தடை செய்தது. நம் நாட்டு விதிகளும் தடுக்கின்றன. சிவகாசித் தொழிலாளிக்குத் தெரிந்த இந்த அபாயத்தைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

மறுபதிப்பு வந்தால் ஓவியரிடம் சொல்லுங்கள்: செம்மஞ்சள் வால், உச்சியில் பொன்னும் வெள்ளையுமாகப் பொறிகள், கீழே அடர்ந்த வெண்புகை. வெடிமருந்தின் எடையில் பாதிக்கு மேல் எரிந்தபின் திடத்துகளாகவே எஞ்சும் என்பதால், புகையை அவர் தாராளமாகவே வரையலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
விருதுநகர்