மே 19-க்குள் தேர்தல் படிவத்தை அனுப்பு, தம்பி

அன்பான மகன் தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ போன் எடுக்காமல் விட்டு எத்தனை கிழமை என்று நான் எண்ணவில்லை, அதை அம்மா பார்த்துக்கொள்கிறார். உன் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்டு எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கேட்கவில்லை. இது தேர்தலைப் பற்றிய கடிதம்.

இந்த 2024 யூன் 9 ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தல். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு ஸ்ருட்கார்ட்டில் இருக்கிறாய், விரும்பினால் அங்கேயே யேர்மன் கட்சிகளுக்கு வாக்குப் போடலாம். ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லும் படிவம் மே 19-க்குள் நகரசபைக்குப் போய்ச் சேரவேண்டும். இரண்டு நாட்டிலும் போடக்கூடாது, அது குற்றம். அன்றைக்கே உங்களுடைய நகரசபைத் தேர்தலும் நடக்கிறது, எப்படியும் போகத்தானே போகிறாய்.

ஈஸ்டருக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் சொன்னாயே, அது சும்மா தேர்தல், அரசாங்கத்தின் மீது கோபத்தைக் காட்டுவதற்கு மட்டும்தான் என்று. விருந்தாளிகள் இருந்ததால் பேசாமல் இருந்தேன். இங்கேயும் இதே கதைதான். பாரிசில் நம்மவர் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் முடிவெட்டப் போனால் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் மக்ரோனுக்கு ஒரு அடி கொடுக்கவேண்டும் என்கிறார்கள், தீவிர வலதுசாரியான லு பென் கட்சியின் தலைவர் பார்தெல்லா சொல்வதும் அதுதான். மக்ரோன் இந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை, அவருடைய ஜனாதிபதிப் பதவி 2027 வரைக்கும். அடி அவருக்கு, ஆனால் ஐந்து வருடத்துக்கு அந்தப் பாராளுமன்றத்தில் போய் இருப்பது வேறு 81 பேர். அவர்கள் அங்கே எதற்குக் கை உயர்த்துவார்கள் என்று வெட்டினவரும் கேட்கவில்லை, வெட்டுப்பட்டவர்களும் கேட்கவில்லை.

நீ திரும்பிப் போனபிறகு, ஏப்ரல் 10-ஆம் திகதி, அகதிச் சட்டங்களை அந்தப் பாராளுமன்றத்தில் ஒரு கட்டாக நிறைவேற்றினார்கள். அதில் ஒன்று இப்படி: அகதியாக வருகிறவரின் நாட்டவர்களுடைய மனுக்களில் ஐரோப்பா முழுவதிலும் 20 வீதமோ அதற்குக் குறைவாகவோதான் ஏற்கப்படுகிறது என்றால், அவர் வழக்கை எல்லையில் வைத்தே பார்ப்பார்கள், மேன்முறையீட்டோடு சேர்த்து 12 கிழமை. ஆதரவு 301, எதிர்ப்பு 269, எந்தப் பக்கமும் சேராதவர்கள் 51. வெறும் 32 பேர் வித்தியாசம், தம்பி. பிரெஞ்சு அகதி அலுவலகமான ஒப்ரா என்னை முதலில் நிராகரித்த கடிதத்தை அலுமாரியில் நீல ஃபைலில் நீயும் பார்த்திருக்கிறாய். பிறகு மேன்முறையீட்டில்தான் கிடைத்தது, அதுவரைக்கும் நான் பாரிசுக்குள் பாத்திரம் கழுவி வக்கீலுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தேன். எல்லையில் மறித்து வைத்திருந்தால் எந்த வக்கீலைத் தேடியிருப்பேன்? சரி, எல்லைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், உன் மாமாவே அப்படித்தான். அவர் அதற்காக வாக்குப் போடட்டும், அது நியாயம். மக்ரோன் மீது உள்ள கோபத்தில் போட்டால் அந்த வாக்கு எந்தப் பக்கம் போகும்? லு பென்னின் ஆட்கள் இந்தச் சட்டம் போதாது என்று எதிர்த்தார்கள், இடதுசாரிகள் இது கொடுமை என்று எதிர்த்தார்கள். இரண்டுமே மக்ரோனுக்கு அடிதான்.

இன்னொன்று. வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, செய்தியில் வந்ததைத்தான் சொல்கிறேன். 2035-க்குப் பிறகு பெற்றோல், டீசல் புதுக் கார் விற்கக்கூடாது என்ற சட்டம், உன் தொழிற்சாலையில் எல்லோரும் பெர்லினைத் திட்டுகிறார்கள் என்றாயே, அது ஐரோப்பியப் பாராளுமன்றம் கூடுகிற ஸ்ட்ராஸ்பூர்க்கில் 2023 பெப்ரவரியில் 340-க்கு 279 என்று நிறைவேறினது. யேர்மனி கடைசி நேரத்தில் முரண்டு பிடித்து, செயற்கை எரிபொருளுக்கு ஒரு வழி விடச் சொன்னது, அது பிறகு. எஞ்சின் உதிரிப்பாகம் செய்கிற பிள்ளை நீ, படித்த பிள்ளை, சொந்தத்தில் முதல் எஞ்சினியர் என்று நான் சொல்லாத வீடு இல்லை. அந்த 340 பேரில் யேர்மனியிலிருந்து போனவர்கள் யார், எந்தக் கட்சி, இப்போது அதே ஆட்கள் அதை மாற்றப்போகிறோம் என்கிறார்களா, தொழிலாளரை வேறு வேலைக்குப் பழக்க யார் காசு ஒதுக்கச் சொல்கிறார்கள் என்று நீ பார்க்காவிட்டால் யார் பார்ப்பது? சட்டம் நல்லதா கெட்டதா என்று நான் சொல்லவில்லை, அது உனக்குத்தான் தெரியும். தெரிந்தவன் வீட்டில் இருந்தால் எப்படி?

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்பாய். யேர்மனிக்கு 96 ஆசனம், இத்தனை வீதம் எடுத்தால்தான் உள்ளே வரலாம் என்ற தடையும் இந்தத் தேர்தலில் இல்லை. 2019-இல் 0.7 வீதம் எடுத்த வோல்ட் கட்சிக்குக்கூட ஒரு ஆசனம் கிடைத்தது. இந்தமுறை அங்கே 16 வயதுப் பிள்ளைகளும் போடுகிறார்கள். உனக்கு 31.

படிவத்தை மறக்காதே, 19-ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள் வரை வைத்திருக்காதே, வெள்ளிக்கு முன் கொடு. அதில் இப்போது இருக்கிற விலாசத்தை எழுதவேண்டும். பழைய விலாசமா, மாறிவிட்டதா என்று எங்களுக்கும் ஒரு வரி எழுதிவிடு, அம்மா மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டி வைத்துக்கொண்டு எங்கே அனுப்புவது என்று கேட்கிறார்.

அப்பா