25 நிமிட விமானம்

செங்கோட்டை
கார்த்திகை 12

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஆரியங்காவுப் பக்கம் மூன்று நாளாக மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அது உனக்குத் தெரிந்ததுதான்.

ஐப்பசிக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்ததெல்லாம் 'சரிப்பா' என்ற ஒரு சொல்தான். அங்கே ரேடியோ தொலைநோக்கி இருப்பதால் ஒய்ஃபை போடக்கூடாது என்று நீ சொன்னாயே, அதைச் சொல்லித்தான் அம்மாவைச் சமாதானப்படுத்துகிறேன். முன்பும் அதே ஊர், அதே தொலைநோக்கி, ஆனாலும் வாரம் இரண்டு முறை பேசினாயே என்கிறாள். மாசி வரை சூரியனே வராதாமே? கரடி நடமாடும் இடம். துப்பாக்கி வைத்திருப்பவர் கூட இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டாதே.

நீ வடதுருவத்துப் பக்கம் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையமான ஹிமாத்ரியில் இருப்பதைக் கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து சார் உலக உருண்டையோடு வந்தார். 79 டிகிரியில் விரல் வைத்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றே காலண்டர் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதி வைத்தேன். உன் ஊரான நி-ஒல்சுண்டிலிருந்து லாங்இயர்பியன் 110 கிலோமீட்டர், சின்ன விமானத்தில் 25 நிமிடம். அங்கிருந்து ஆஸ்லோ 2,000 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஆஸ்லோ தோஹா ஆறு. தோஹா திருவனந்தபுரம் நாலரை. பறக்கிற நேரம் மட்டும் 14 மணி. அப்புறம் நெடுமங்காடு, தென்மலை வழியாக நம் வீட்டுக்கு மூன்று மணி. உன் 25 நிமிட விமானம் போகிற அதே தூரம்தான் இந்தக் கடைசித் தூரமும். ஆனால் அந்தச் சின்ன விமானம் வாரத்தில் சில நாள்தான், அதுவும் காற்றும் பனியும் விட்டால். புனலூர் லைனில் கார்டாக இருந்தவனுக்கு இது புதிதில்லை. 49 கிலோமீட்டர் மலைப்பாதையில் தூரத்தை வைத்தா நேரம் சொல்வோம்? அடுத்த வண்டி எப்போது என்பதுதான் கணக்கு.

ஆச்சி போன அன்று ராத்திரி அந்தத் தாளைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்படியும் இரண்டு நாள் ஆகும், விமானமும் இல்லை, பிள்ளை அங்கே தவிக்கும், அதனால்தான் காரியம் முடிந்த பிறகு சொன்னேன் என்று உன்னிடம் சொன்னேன்.

அது பொய் அம்மா. மறுநாள் காலையிலேயே விமானம் இருந்தது. கம்ப்யூட்டர் கடைத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐஸ் பெட்டியும் வந்துவிட்டது, இரண்டு நாள் வைத்திருக்கலாம். வந்திருந்த பெரியவர்கள், பேத்திக்காக யாராவது காத்திருப்பார்களா, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உன்னை வளர்த்தது ஆச்சிதான் என்று அந்தக் கூட்டத்தில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தபோது கையில் எடுக்க ஆளில்லாமல் ஒரு பந்தம் கீழே கிடந்தது. அதை நான் பார்த்தேன்.

வயதான தகப்பனுக்கு நாலு வார்த்தை எழுதாமல் இருக்கிறாயே என்று போன வாரம்கூட உன்மேல் கோபப்பட்டேன். கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

ஆச்சியின் சுருக்குப்பை உன் அலமாரியில் இருக்கிறது. பாக்குத் துண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது. அம்மா யாரையும் தொடவிடவில்லை.

தனியாக வெளியே போகாதே. காதை மூடிக்கொள். திட்டுவதாக இருந்தாலும் திட்டி எழுது. எந்த நாள் விமானம் என்று மட்டும் சொல், முந்தின நாளே திருவனந்தபுரத்தில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா