ஆங்கில வகுப்பில் சத்தம் கேட்டால் கதவைத் தட்டாதீர்கள்

வகுப்புகளைப் பார்வையிடும் தலைமை ஆசிரியர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் வணக்கம்.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவர்களில் ஒருவர் எழுதும் மடல் இது. வகுப்பில் விளையாட்டு வைக்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. "வையுங்களேன், பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்கும்" என்று நீங்களே சொல்கிறீர்கள். எனக்குச் சிக்கல் அந்த ஜாலியில்தான். போர்ஷன் முடிந்து மிச்சமிருக்கும் பத்து நிமிடம், வாரத்தின் கடைசி பீரியட், ஆசிரியர் வராத வகுப்பைச் சமாளிக்க வேண்டிய நேரம் என்று விளையாட்டுக்கு ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருக்கிறோம். நான் கேட்பது வேறு. விளையாட்டே பாடமாக இருக்கட்டும். அதற்கேற்ற நேரத்தைக் கொடுங்கள், அதற்கேற்றபடி எங்களை மதிப்பிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வகுப்பில் 40 பேர், பீரியட் 40 நிமிடம். வருகைப்பதிவு, ஹோம்வொர்க் எல்லாம் போக 30 நிமிடம் மிஞ்சும் என்று வையுங்கள். ஆசிரியர் கேட்க, ஒருவர் எழுந்து பதில் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் முறையில், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது முக்கால் நிமிடம். நடப்பில் பாதிக்கு மேல் நாங்கள்தான் பேசுகிறோம். மீதியை, கை தூக்குகிற அதே ஐந்தாறு பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அதே வகுப்பை இருவர் இருவராக உட்கார வைத்து பத்து நிமிடம் பேச விட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம். என்ன, ஒரே நேரத்தில் 20 குரல் கேட்கும். வராந்தாவில் நடந்து போகும்போது உங்கள் காதில் விழுவது அதுதான்.

இந்த வயதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தப்பும் தவறுமாகப் பாடுவார்கள், கவலைப்பட மாட்டார்கள். 11 வயதைத் தாண்டினால் நிலைமை மாறிவிடுகிறது. எழுந்து நின்று ஒரு வார்த்தையைத் தப்பாக உச்சரித்தால் பின்பெஞ்சில் இருந்து ஒரு சிரிப்பு வரும். அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுக்க வாயைத் திறக்காது. பயமும் கூச்சமும் இருந்தால் காதில் விழும் மொழி உள்ளே இறங்காது என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் எழுதினார். அவருடைய மற்ற கருத்துகளைப் பற்றி இன்றும் வாதம் ஓடுகிறது. இந்த ஒன்றை மட்டும் நடுநிலை வகுப்பு எடுக்கிற யாரும் மறுக்க மாட்டார்கள். ஜோடியாகப் பேசும்போது தப்பைக் கேட்பவர் ஒரே ஒருவர். அவரும் தப்பு செய்பவர்தான்.

அதற்காக எல்லா விளையாட்டும் இவர்களுக்குப் பொருந்தாது. ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்: ஆசிரியர் கட்டளை சொல்வார், பிள்ளைகள் உடலை அசைத்துச் செய்து காட்டுவார்கள். புதிதாக மொழி கற்பவர்களுக்கு அருமையான வழி. ஆனால் 8ஆம் வகுப்புப் பையனிடம் 'ஃப்ளை லைக் எ பட்டர்ஃப்ளை' என்று சொல்லிப் பாருங்கள், முறைத்துப் பார்ப்பான். அதையே திருப்பிப் போட்டு, பிள்ளைகள் கட்டளையிட, ஆசிரியர் செய்ய வேண்டும் என்று மாற்றுங்கள். டஸ்டரைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஜன்னல் வரை பின்னோக்கி நடந்து போகச் சொல்வார்கள். அதைச் சொல்ல எத்தனை ப்ரெபொசிஷன் தேவைப்படுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு விளையாட்டு பாடத்துக்கு உதவுமா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: இதில் ஜெயிக்க ஒரு பிள்ளை எந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியாக வேண்டும்? இந்தக் கேள்வியை வைத்தால் பல பிரபலமான விளையாட்டுகள் அடிபட்டுப் போகும். கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஹேங்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, ஈ, எஸ் என்று கத்துகிறார்கள். ஒரு வாக்கியம்கூட வெளியே வராது. ஸ்பெல்லிங்குக்காக ஐந்து நிமிடம் வைக்கலாம், பீரியட் முழுக்க வைக்க அதில் ஒன்றும் இல்லை. கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் வார்த்தைகளை வட்டமிடும் புதிர் இன்னும் மோசம். நாங்கள் நோட்டுத் திருத்தும்போது வகுப்பு அமைதியாக இருக்க அது உதவும், அவ்வளவுதான். (உங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.) இதற்கு நேர்மாறாக, மனதில் நினைத்த பொருளை 20 கேள்விக்குள் கண்டுபிடிக்கும் விளையாட்டு இருக்கிறது. அதற்குச் சாக்பீஸ்கூட வேண்டாம். 'இஸ் இட்', 'டஸ் இட்', 'கேன் யூ' என்று கேட்டால்தான் ஆட்டம் நகரும். இலக்கண நோட்டில் வாரக்கணக்கில் எழுதியும் வராத கேள்வி வாக்கியம் அங்கே தானாக வரும்.

ஒரு பாடத்தை மட்டும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், அப்போதுதான் நான் கேட்பது உங்களுக்குப் புரியும். 'தேர் இஸ்', 'தேர் ஆர்' சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு அறையின் படத்தை இரண்டு விதமாக வரைந்து பிரதி எடுக்கிறேன். ஏ படத்தில் பூனை மேசைக்கு அடியில், பி படத்தில் நாற்காலிமேல். ஏ படத்தில் ஜன்னல் இரண்டு, பி படத்தில் மூன்று. இப்படி எட்டு வித்தியாசம். ஜோடியில் ஒருவருக்கு ஏ, மற்றவருக்கு பி. படத்தைக் காட்டாமல் பேசியே எட்டையும் கண்டுபிடிக்க வேண்டும். "இஸ் தேர் எ கேட் அண்டர் த டேபிள்?" "நோ, தேர் இஸ்ன்ட். இட்ஸ் ஆன் த சேர்." சரி, ஒன்று கிடைத்துவிட்டது, குறித்துக்கொள். இதேபோல எட்டு முறை. கேட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பதில் எதிராளியிடம் மட்டுமே இருக்கிறது.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. திட்டமிடாமல் உள்ளே போனால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டாவது நிமிடத்தில் படத்தை எட்டிப் பார்த்துவிடுவார்கள். அதனால் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு பையை நிறுத்த வேண்டும். விதியை வாயால் விளக்கினால் பாதிப் பேருக்குப் புரியாது. இரண்டு பேரை முன்னால் அழைத்து ஒரு வித்தியாசத்தைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். விளக்கம் தாய்மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. விதியை ஆங்கிலத்தில் சொல்லியே தீருவேன் என்று பத்து நிமிடம் வீணாக்குவதைவிட, ஒரு நிமிடத்தில் தாய்மொழியில் சொல்லிவிட்டு ஆட்டத்தை ஆங்கிலத்தில் நடத்துவது மேல். தேவைப்படும் வாக்கியங்கள் கரும்பலகையில் இருக்க வேண்டும். ஆட்டம் பாதி போனதும் அவற்றில் சில வார்த்தைகளை அழித்துவிட வேண்டும், கடைசியில் மொத்தமாகவே அழிக்கலாம். சீக்கிரம் முடிக்கும் ஜோடிக்குக் கையில் அடுத்த வேலை தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்களால்தான் வகுப்பு கலையும். இத்தனைக்கும் நடுவில் நான் சும்மா சுற்றி வருவதுபோலத் தெரியும். கையில் ஒரு துண்டுத் தாள் இருக்கும். பலரும் செய்யும் தவறுகளை அதில் குறிக்கிறேன். பேசும்போது குறுக்கே போய்த் திருத்துவதில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில், யார் சொன்னார்கள் என்று காட்டாமல், அந்த வாக்கியங்களைப் பலகையில் எழுதி அவர்களையே திருத்தச் சொல்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் அன்று நடந்தது வெறும் பொழுதுபோக்குதான்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை, எங்கிருந்தோ வந்த சொகுசும் இல்லை. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவின் சில சாதாரணப் பள்ளிகளில் மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம் ஆங்கில ஆசிரியர் உலகத்தில் ரொம்பப் பேசப்பட்ட ஒன்று. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று முடிவெடுப்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற வேலைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். வேலையை முடிக்கும் கவனத்தில் மொழி வந்து சேரும் என்பது பிரபுவின் நம்பிக்கை. அந்த வேலைகளை அவர் மூன்று வகையாகப் பிரித்தார்: ஒருவரிடம் இருக்கும் தகவலை இன்னொருவர் பெறுவது, கிடைத்த தகவலை வைத்து யோசித்து முடிவுக்கு வருவது, தன் விருப்பத்தையோ கருத்தையோ சொல்வது. என் பூனைப் படம் முதல் வகை. வகுப்பறையில் நன்றாக எடுபட்டது இரண்டாவது வகைதான் என்று அவர் சொன்னார். 7, 8ஆம் வகுப்பில் அது நிஜம். துப்பறியும் கதைபோல நான்கு சாட்சிகளின் வாக்குமூலத்தைக் கொடுத்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பாஸ்ட் டென்ஸ் மடமடவென்று வரும்.

ஓடி ஓடி எழுதும் ரன்னிங் டிக்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் புகார் வருவது அதற்குத்தான். ஒரு பத்தியைச் சுவரில் ஒட்டிவிடுவோம். ஜோடியில் ஒருவர் போய்ப் படித்து, நினைவில் வைத்துக்கொண்டு வந்து சொல்வார், மற்றவர் எழுதுவார். பாதியில் ஆள் மாறுவார்கள். படித்தல், நினைவு, பேசுதல், கேட்டல், எழுதுதல் எல்லாம் ஒரே பயிற்சியில் வந்துவிடும். 'ஓடக் கூடாது, வேகமாக நடக்கலாம்' என்று ஒரு விதி போட்டால் யாரும் விழ மாட்டார்கள். பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்றால், இரண்டு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் இதுபோன்ற பாடம் வரும்படி அட்டவணையில் மாற்றிக் கொடுங்கள்.

போட்டி விஷயத்தில் நீங்களும் நாங்களும் சேர்ந்தே திருந்த வேண்டும். தப்பாகச் சொன்னவர் அவுட், உட்கார் என்ற வகை ஆட்டங்களை நான் வைப்பதே இல்லை. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்தான் முதலில் வெளியேறி, மிச்ச நேரம் முழுக்க வேடிக்கை பார்க்கிறார். ஏற்கெனவே நன்றாகப் பேசுபவர் கடைசி வரை பேசுகிறார். முதலில் கத்துபவருக்குப் புள்ளி என்பதும் அதே ரகம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, பேசாதவர்களும் பேசினார்கள். மணியடிக்கும் போட்டி அந்த மூன்று விநாடியையும் தின்றுவிடுகிறது. பார்வையாளர் வரும் நாளில் விறுவிறுப்பாகத் தெரிய வேண்டும் என்று நாங்கள் இதைத்தான் அரங்கேற்றுகிறோம் என்பதும் உண்மை.

அப்புறம், வாரம் ஐந்து நாளும் விளையாட்டு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அமைதியாகப் படிக்க வேண்டிய நாள் உண்டு, உட்கார்ந்து எழுத வேண்டிய நாள் உண்டு. வாரத்துக்கு இரண்டு பாடம் இப்படி உருப்படியாக நடந்தால் போதும். அந்த இரண்டுக்கு எங்களுக்கு என்ன தேவை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஒரே வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவர்கள் சேர்ந்து உட்கார வாரத்துக்கு ஒரு பீரியட். அந்த நேரத்தில் வேறு வகுப்புக்கு சப்ஸ்டிடியூஷன் போடாதீர்கள். ஒரு படத்தாளை ஒருவர் வரைந்தால் எல்லாப் பிரிவுக்கும் பயன்படும், அடுத்த வருடமும் பயன்படும். ஒரு அலமாரி கொடுத்தால் அங்கேயே அடுக்கி வைப்போம். கொஞ்சம் பிரதித் தாள். அது இல்லாவிட்டாலும் கரும்பலகையை வைத்துச் சமாளித்துக்கொள்வோம். விளையாட்டுப் பாடத்துக்குக் காலையிலும் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். கடைசி பீரியடில் பிள்ளைகளும் களைத்திருப்பார்கள், நாங்களும் களைத்திருப்போம்.

பிறகு, உங்கள் பார்வைப் படிவம். அதில் வகுப்பறைக் கட்டுப்பாடு, நோட்டு முழுமை, போர்ஷன் என்று கட்டங்கள் இருக்கின்றன. எத்தனை பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசினார்கள் என்பதற்கு ஒரு கட்டம் சேருங்கள். வாசலில் நின்று பார்த்தால் அதை நிரப்ப முடியாது. உள்ளே வந்து, கடைசி வரிசையில் ஒரு ஜோடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் அவர்கள் சொன்ன ஆங்கில வாக்கியங்களை எண்ணுங்கள். மூன்றுக்குக் கீழே இருந்தால் பாடம் சரியில்லை என்று தாராளமாக எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே என்று மட்டும் எழுதாதீர்கள்.

என் 7ஆம் வகுப்பு செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியட். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வந்தால் உங்கள் கையில் ஒரு பி படத்தைத் தருவேன், ஏ படத்தோடு ஒரு பிள்ளை எதிரே உட்காரும். எட்டையும் கண்டுபிடித்த பிறகு படிவத்தை நிரப்பலாம்.

இப்படிக்கு,
நடுநிலை வகுப்பு ஆங்கில ஆசிரியர் ஒருவர்