பொர்தோவில் தண்ணீரில் இறங்குமுன்

புதுச்சேரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பொர்தோ நீச்சல் குளத்தில் விசில் ஊதி உன்னை மேலே ஏறச் சொல்லிவிட்டார்கள், வெளிநாட்டுக்காரி என்பதால்தானோ என்று கேட்டிருக்கிறாய். நீ எழுதியிருக்கும் உடையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. முழங்கால் வரை பாவாடை வைத்துத் தைத்த நீச்சல் உடையை அந்த ஊர்க்காரியே போட்டு வந்திருந்தாலும் ஏற்றித்தான் விட்டிருப்பார்கள். நம்மூரில் அது அடக்கமான உடை. அங்கே முனிசிபல் குளத்தில் அது தளர்ந்த துணி, அவ்வளவுதான்.

பிரான்ஸில் பொதுக் குளங்களில் உடம்போடு ஒட்டிய உடை மட்டும்தான். பெண்களுக்கு ஒன்-பீஸோ டூ-பீஸோ, ஆண்களுக்கு இறுக்கமான ஜட்டி மாதிரியோ பாக்ஸர் மாதிரியோ இருக்கும் நீச்சல் உடை. பெர்முடா, டி-ஷர்ட், லெக்கிங்ஸ், நீச்சல் உடைக்குள் உள்ளாடை, எதுவும் கூடாது. மாப்பிள்ளை பாரடைஸ் பீச்சுக்குப் போட்டுப் போகும் பூப்போட்ட ஷார்ட்ஸ் அங்கே செல்லாது என்று சொல்லிவிடு. காரணம் அடக்கமும் இல்லை, அடக்கமின்மையும் இல்லை. தெருவில் போட்டு நடந்த துணி வியர்வையையும் புழுதியையும் தண்ணீருக்குள் கொண்டுவரும். குளோரின் அந்த வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்தால் குளோரமின் உண்டாகிறது. ‘குளோரின் நாற்றம்’ என்று நாம் மூக்கைப் பிடிப்பதும், கண் எரிச்சலும், இருமலும் பெரும்பாலும் அதனால்தான். நாற்றம் தூக்கலாக இருக்கும் குளத்தில் மருந்து அதிகம் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்காதே. குளிக்காமல் இறங்கியவர்கள் அதிகம் என்று வைத்துக்கொள்.

உடம்பை முழுக்க மூடிய நீச்சல் உடை, ‘புர்கினி’ என்பார்கள், அங்கே பெரிய அரசியல். கிரெனோப்ள் நகராட்சி அதற்கு வழிவிட்டு விதியை மாற்றியபோது, 2022 ஜூன் 21 அன்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமே அதைத் தடுத்து நிறுத்தியது. ரென் நகரத்தில் அனுமதி உண்டு. ஊருக்கு ஊர் விதி மாறுகிறது, அதனால் போகுமுன் அந்தக் குளத்தின் விதிப் பலகையைப் படி. கடற்கரைக் கதை வேறு. அங்கே உடலை மூடும் உடைக்கு ஓர் ஊர் போட்ட தடையை அதே நீதிமன்றம் 2016 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. உனக்குக் கூச்சமாக இருந்தால் கடலுக்கு லைக்ரா முழுக்கை மேல்சட்டை வாங்கிக்கொள், குளத்துக்கு ஒன்-பீஸ் வாங்கிக்கொள். சுடிதாரோடு மட்டும் கடலில் இறங்காதே. நனைந்த பருத்தி காலைக் கட்டிவிடும்.

உன் ஊரில் ழுதாயிக் குளம் இருக்கிறதே, அதற்கு ழான் புவாத்தோவின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கியவர். அவர் ஜெயித்ததும் அவருடைய அப்பா போட்ட சட்டை பேண்ட்டோடு குளத்தில் குதித்துவிட்டார். இன்றைக்கு அந்த மனுஷர் வந்தால் மகன் பெயர் வைத்த குளத்தில் அவரையும் விசில் ஊதி ஏற்றிவிடுவார்கள்.

இனி உள்ளே போகும் முறை. டிக்கெட் வாங்கியதும் செருப்பு, ஷூ கழற்றும் இடம் வரும். அதைத் தாண்டினால் வெறுங்கால்தான். உடை மாற்றும் அறைக்குப் பல குளங்களில் இரண்டு கதவு இருக்கும். ஷூ பக்கத்திலிருந்து நுழைந்து வெறுங்கால் பக்கமாக வெளியேற வேண்டும். தாழ்ப்பாளைத் தேடாதே. சுவரோடு மடிந்திருக்கும் பெஞ்சைக் கீழே சாய்த்தால் அதுவே இரண்டு கதவையும் பூட்டிக்கொள்ளும். லாக்கருக்கு ஒரு யூரோ காசு கேட்கும், அல்லது நான்கு எண் போடச் சொல்லும். லாக்கர் எண்ணை மனப்பாடம் செய்துகொள். ஈரத்தோடு வரிசை வரிசையாகத் தேடுவது எல்லோருக்கும் நடக்கும் கூத்து.

ஷவர் பெரும்பாலும் ஆண் பெண் பொது. நீச்சல் உடையோடுதான் சோப்பு போட்டுக் குளிக்க வேண்டும், அங்கே கழற்றக் கூடாது. ஜெர்மனிக்குப் போனால் இது தலைகீழ்: தனித்தனி அறை, முழுக்கக் கழற்றிக் குளித்த பிறகுதான் உடை. அடுத்து மருந்துத் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம் வரும், பெதிலூவ் என்பார்கள். பாதம் முழுக்க நனைய நடந்து போ. ஓரத்துச் சுவரில் கால் வைத்துத் தாண்டிப் போகும் சாமர்த்தியசாலிகள் உண்டு, பாதத்தில் மருவும் சேற்றுப்புண்ணும் இவர்களால் பரவுவதுதான்.

தொப்பி அனேகமாக எல்லாக் குளத்திலும் கட்டாயம். மறந்துவிட்டால் பல இடங்களில் நுழைவாயிலிலேயே தொப்பியும் உடையும் விற்கும் மெஷின் இருக்கும், விலைதான் கூடுதல். உன் முடி நீளத்துக்குத் துணித் தொப்பி நிற்காது. நீள முடிக்கென்றே பின்பக்கம் தொங்கலாக வரும் சிலிகான் தொப்பி வாங்கு. போட்டுக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. முதலில் முடியைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக நனை. நல்ல தண்ணீரை உறிஞ்சிய முடி குளோரின் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. உச்சியில் கொண்டை போட்டால் தொப்பி வழுக்கி மேலே ஏறிவிடும், பின்கழுத்துக்குச் சற்று மேலே தட்டையாகச் சுற்றிக் கட்டு. கிளிப்பும் ஹேர்பின்னும் சிலிகானைக் கிழித்துவிடும், துணி ரப்பர் பேண்ட் போதும். இரண்டு உள்ளங்கையையும் தொப்பிக்குள் விட்டு அகட்டி, நெற்றியில் பதித்து, குனிந்தபடி பின்னால் இழுத்துக் கொண்டையை மூடு. நகத்தால் பிடித்து இழுக்காதே. தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு போகவே கூடாது. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும், தொப்பியும் நிற்காது. எண்ணெய் எல்லாம் வீட்டுக்கு வந்து ஷாம்பு போட்ட பிறகு.

தாலிச் செயினையும் மோதிரத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் கழன்று விழுவது தெரியவே தெரியாது. மாதவிலக்கு நாளில் பேட் தண்ணீரை உறிஞ்சிப் பயனற்றுப் போகும். டாம்பானோ கப்போ பழக்கமிருந்தால் போ, இல்லையென்றால் அந்த நாட்களை விட்டுவிடு.

லேன் விஷயத்தில்தான் நம்மவர்கள் முட்டிக்கொள்கிறார்கள். நாம் சாலையில் இடப்பக்கம், அவர்கள் வலப்பக்கம். குளத்திலும் அதே பழக்கம். லேனுக்குள் வலப்பக்கக் கயிற்றை ஒட்டிப் போய், திரும்பும்போது மறுகயிற்றை உன் வலப்பக்கத்தில் வைத்து வர வேண்டும். லேன் முனையில் பலகை இருக்கும்: மெதுவாக நீந்துபவர், வேகமாக நீந்துபவர், காலில் துடுப்பு மாட்டியவர் என்று. உன் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மெதுவான லேன்தான். சுவரில் நின்று மூச்சு வாங்கும்போது நடுவில் நிற்காமல் மூலையில் ஒதுங்கு, திரும்புகிறவருக்கு நடுச்சுவர் வேண்டும். பின்னால் வருபவர் பாதத்தை லேசாகத் தொட்டால் முந்தப் போகிறார் என்று அர்த்தம். சுவர் வந்ததும் வழி விட்டுவிடு. ‘கிரான் பேன்’ என்றால் ஆழமான குளம், ‘பெத்தி பேன்’ ஆழமில்லாதது. நேரத்தையும் பார்த்துக்கொள். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருப்பார்கள், லீவு விட்டால் அட்டவணையே மாறும், மூடும் நேரத்துக்கு நன்றாக முன்பே தண்ணீரிலிருந்து ஏற்றிவிடுவார்கள்.

குளத்தில் தப்பு செய்தால் விசிலோடு போயிற்று. லக்கனோ கடற்கரைக்குப் போகப் போவதாகச் சொன்னாயே, இனி எழுதுவதை மாப்பிள்ளையும் உட்கார்ந்து படிக்கட்டும். கடலோரத்தில் பிறந்தவர்கள் என்ற தைரியம் அங்கே உதவாது. நம் கடல் வேறு, அது வேறு.

முதல் வித்தியாசம் ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது. புதுச்சேரியிலும் கடலூரிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர்தான், தேவனாம்பட்டினத்தில் குளிக்கிறவர் யாரும் ஓதம் பார்த்து இறங்குவதில்லை. உன் பக்கத்து அட்லாண்டிக் கரையில் அது நான்கு மீட்டரைத் தொடும், வடக்கே சேன்-மலோவில் 12 மீட்டரையும் தாண்டும். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதில் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் நகர்கிறது, இழுப்பும் அப்போதுதான் அதிகம். நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் நேற்று நல்லதாக இருந்த வேளை இன்றைக்குச் செல்லாது. ஓத அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 20 முதல் 120 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள், எண் கூடக் கூட ஓதமும் பெரிது. 90-ஐத் தாண்டிய நாளில் நீந்தும் ஆசையைத் தள்ளிப்போடு.

இரண்டாவது, ‘பாயின்’. உன் பக்கத்து ஜிரோந்த், லாந்த் மாவட்டங்களின் கரை முழுக்க மணல் திட்டுக்கும் கரைக்கும் நடுவே நீளமான பள்ளங்கள் உண்டு. வற்றத்தில் அவை சிறுபிள்ளை விளையாடும் குட்டை போல அமைதியாகக் கிடக்கும், குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். ஏற்றத்தில் திட்டைத் தாண்டி உள்ளே விழுந்த தண்ணீர் வெளியேற ஒரே ஒரு வாய்தான். கடல் வற்றும்போது அவ்வளவும் அந்த வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் அங்கே சர்வ சாதாரணம். நீ 50 மீட்டர் நீந்த ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் கணக்கு உனக்கே புரியும்.

அதனால் போனவுடன் இறங்காதே. மணல் மேட்டின் மேலே பத்து நிமிடம் நின்று பார். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைகிறது, நடுவில் ஒரு பட்டையில் மட்டும் உடையவில்லை, தண்ணீர் கருத்து, நுரை கரைக்கு வராமல் வெளியே நகர்கிறது என்றால் அதுதான் வாய். அலை இல்லாத இடம் பத்திரம் என்று நினைப்பவர்தான் அதில் இறங்குகிறார். நம்மூரில் ‘சுழல் இழுத்துவிட்டது’ என்கிறோமே, அதில் பாதி இந்த மாதிரி இழுப்புதான். அது ஆளைக் கீழே அமுக்காது, வெளியே கொண்டுபோகும். கரையைப் பார்த்து எதிர்த்து நீந்துகிறவர் களைத்து மூழ்குகிறார். மாட்டினால் மல்லாந்து மித, கையைத் தூக்கி ஆட்டு, மூச்சு சீராகட்டும். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் அலையோடு உள்ளே வா. மாப்பிள்ளை இழுபட்டாலும் நீ பின்னாலேயே பாயாதே. மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டுக் கடற்கரை மீட்புக் காவலரைக் கூப்பிடு.

இவ்வளவையும் நீயே கணிக்க வேண்டியதில்லை, கொடி பார்த்தால் போதும். மேலே சிவப்பு கீழே மஞ்சளாக இரண்டு கொடி நட்டிருப்பார்கள், அவற்றுக்கு நடுவே மட்டும் இறங்கு. மணல் நகர்வதால் அந்த இடமும் மாறும், போன வாரம் குளித்த இடம் என்று போய் நிற்காதே. கம்பத்தில் பச்சை என்றால் காவல் உண்டு, ஆபத்து தெரியவில்லை. மஞ்சள் என்றால் காவல் உண்டு, ஆபத்தும் உண்டு. சிவப்பு தடை. ஊதா என்றால் தண்ணீர் மாசு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி சர்ஃபிங் முதலான விளையாட்டுக்கு ஒதுக்கிய பகுதி, அங்கே பலகையின் அடித்துடுப்பு மண்டையைப் பிளந்துவிடும். ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் காற்றடைத்த மெத்தை, டியூப் எதையும் இறக்காதே. கொடியே இல்லையென்றால் காவலே இல்லை என்று பொருள், பச்சைக்கு அடுத்தபடி என்று எண்ணிவிடாதே. 2022-இல் இந்தக் கொடிகளை மாற்றினார்கள், பழைய ஆட்கள் இன்னும் ஆரஞ்சு, நீலக் கொடி என்று சொல்வார்கள், குழம்பாதே.

மூன்றாவது குளிர். நம் கடல் வருஷம் முழுக்க 26-லிருந்து 30 டிகிரி. லக்கனோவில் ஆகஸ்டிலேயே 20, 22தான், பிரான்ஸின் வடமேற்கே பிரித்தானிப் பகுதியில் 17. திடீரென்று விழுந்தால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு உன் கட்டுப்பாட்டில் இருக்காது, வாய் தானாகத் திறந்து இழுக்கும், தலை உள்ளே இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பாய். பின்கழுத்து, மார்பு, வயிறு நனைத்து மெதுவாக இறங்கு. வெயிலில் காய்ந்த உடம்போடும் சாப்பிட்ட வயிற்றோடும் குதிக்காதே. நடுக்கம் தொடங்கினால் ஏறிவிடு. மத்தியதரைக் கடல் பக்கம் போனால் ஓதத் தொல்லை இல்லை, ஆனால் மிஸ்த்ரால் காற்று அடித்தால் மேல்தண்ணீரைத் தள்ளிவிட்டு அடித்தண்ணீர் எழும்பி, நேற்று வெதுவெதுப்பாக இருந்த கடல் இன்று சில்லிடும். ஊருக்குள் ஓடும் கரோன் ஆற்றில் இறங்கும் யோசனையே வேண்டாம். ஓதம் அதற்குள்ளும் ஏறி இறங்குகிறது, கலங்கல் வேறு, தடையும் உண்டு. வெறுமனே நீந்தத்தான் ஆசை என்றால் கோடையில் லக்கனோ ஏரி நல்லது.

வற்றத்தில் மணலில் ‘வீவ்’ என்ற மீன் புதைந்து கிடக்கும். முதுகு முள்ளில் விஷம், மிதித்தால் கெளுத்தி குத்தின மாதிரி கடுக்கும். வைத்தியமும் கெளுத்திக்குச் செய்வதுதான்: பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் அல்ல, தோல் வெந்துவிடும். ரப்பர் செருப்பு போட்டு நடந்தால் இதெல்லாம் இல்லை. ஜெல்லி மீன் ஒட்டினால் கடல் தண்ணீரால் மட்டும் கழுவு, தேய்க்காதே.

போனில் 196-ஐயும் 112-ஐயும் இப்போதே ஏற்றி வை. முதலாவது கடல் மீட்புக்கு, இரண்டாவது எல்லா ஆபத்துக்கும். கடற்கரையின் பெயர், பக்கத்துப் பலகையில் இருக்கும் நுழைவழி எண், எத்தனை பேர், கடைசியாக எங்கே கண்டாய் என்பதைச் சொல். பிரெஞ்சு தடுமாறினால் ஆங்கிலத்தில் சொல். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதே. தண்ணீரில் இருப்பவரிடமிருந்து கண்ணையும் எடுக்காதே.

அன்புடன்,
அம்மா