உன் கை ஆறிவிட்டதா?

அன்பு மகளுக்கு,

வலது கைச் சுட்டு விரல் மடிப்பில் இருந்த வெடிப்பு மூடிவிட்டதா? நீ அம்மாவிடம் பேசும்போதெல்லாம் அதைக் கேள் என்று பக்கத்தில் நின்று சைகை காட்டுகிறேன். அவள் கேட்டாளா, நீ என்ன சொன்னாய், எதுவும் என் காதுக்கு வருவதில்லை. "நன்றாகத்தான் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். என்னிடம் நீ பேசி 26 நாள் ஆகிறது. சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே.

தம்பிக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. அவனே சொல்லியிருப்பான். என் முழங்கால் பழையபடிதான். வேறு செய்தி இல்லை.

நாங்கள் அங்கே இருந்த நான்கு நாளும் காலையில் முதலில் காதில் விழுந்தது குழாய்ச் சத்தம், இரவில் கடைசியாக விழுந்ததும் அதுதான். கையைக் கழுவினாய். குழாயைத் தொட்டு மூடியதற்காக மறுபடி கழுவினாய். இரத்தம் கசிந்த விரலில் சானிட்டைசரை ஊற்றிக்கொண்டு நீ பல்லைக் கடித்ததைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். வாய் திறக்கவில்லை. உன்னிடம் சுத்தத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்ற எண்ணம்தான் வாயை அடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கை. தோல்தான் உடம்பின் வெளிச்சுவர். அது வெடித்தால் கிருமி தங்குவதற்கும் உள்ளே நுழைவதற்கும் வழி கிடைக்கிறது. குழந்தையைக் காப்பாற்றக் கழுவுகிற கை, கழுவிக் கழுவியே கிருமிக்கு இடம் கொடுக்கிறது. சாதாரண சோப்பு போதும். சுடுநீர் வேண்டாம். 20 விநாடி தேய்த்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் களிம்பு போடு. அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாயே, "கிருமிகளைக் கொல்லும்" என்று எழுதிய சோப்புகள், அவற்றைப் பற்றியும் சொல்கிறேன். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் டிரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருள்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்றோ, நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானவை என்றோ தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. சோப்பின் வேலை அழுக்கையும் எண்ணெய்ப்பசையையும் கிருமியையும் சேர்த்துப் பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுவது. அதை எந்தச் சோப்பும் செய்யும்.

இதையெல்லாம் உனக்கா நான் சொல்வது? ஏழாம் வகுப்பில் பள்ளி மேடையில் ஏறி மருத்துவர் செம்மல்வெய்ஸ் பற்றி நீ பேசினாய். 1847, வியன்னா மருத்துவமனை. பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்கு வருகிறார்கள், தாய்மார்கள் காய்ச்சலில் சாகிறார்கள். குளோரின் கரைசலில் கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று அவர் ஒருவர் மட்டும் சொல்கிறார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த சாவு ஜூனில் இரண்டாகக் குறைந்தது. ஒரு தாளைக்கூடப் பார்க்காமல் சொன்னாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை என்று வீட்டுக்கு வந்து கோபித்துக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? "தங்கள் கையிலிருந்தா சாவு போனது என்று அந்த மருத்துவர்களுக்குக் கோபம் வந்தது" என்று நீ சொன்ன இடத்தில் என் கை மடியிலேயே கிடந்துவிட்டது. பெருமை இல்லாமல் இல்லை, அம்மா. இன்றுவரை அந்தப் பேச்சை யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்று, இது அவசரம். குளியலறையில் ப்ளீச்சையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஒரே நாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினாய். கதவு சாத்தியிருந்தது. கூடத்தில் இருந்த எனக்கே தொண்டை எரிந்தது, குட்டிப்பயல் இருமினான். அந்த இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். ப்ளீச்சோடு அம்மோனியா கலந்தாலும் நச்சுவாயுதான். எந்தக் கிருமிக்கும் பயந்து அந்தப் புகையை அவன் மூச்சில் விடாதே. கலக்காதே. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

அவனை விளையாட்டுப் பள்ளிக்கு அனுப்புவதை இன்னும் ஒரு வருடம் தள்ளிவைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். அங்கே போனால் சளி பிடிக்கும், உண்மைதான். அந்த வயதில் வருடத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது வழக்கமானதுதான் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அடுத்த வருடம் போனாலும் பிடிக்கும். தடுப்பூசி ஒன்றுகூட நாள் தவறாமல் போட்டிருக்கிறாய். உண்மையிலேயே அஞ்ச வேண்டிய நோய்களுக்கு அவன் உடம்பு ஆபத்தில்லாமல் பயிற்சி பெற்றுவிட்டது. அதைச் செய்தவள் நீ. அந்தப் பயல் மண்ணைத் தொட்டதற்கா இரண்டு கையையும் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாய்? அவன் அழவில்லை. கையை நீட்டிக்கொண்டு பழகினவன்போல நின்றான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1989இல் டேவிட் ஸ்ட்ராச்சன் என்பவர் பிரிட்டனில் 17,000க்கும் அதிகமான பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்தார். வீட்டில் மூத்த பிள்ளைகள் அதிகம் இருந்தவர்களுக்கு மூக்கு ஒவ்வாமை குறைவாக இருந்தது. சின்ன வயதில் கிருமிகளைச் சந்திப்பது நல்லதோ என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. 2016இல் அமெரிக்காவில் இரண்டு பண்ணைச் சமூகங்களை ஒப்பிட்டார்கள். ஆமிஷ், ஹட்டரைட் என்று பெயர். முன்னோர் வழியில் நெருக்கமானவர்கள், உணவும் வாழ்க்கைமுறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆமிஷ் பிள்ளைகள் மாட்டுக்கொட்டில் பக்கத்திலேயே வளர்கிறார்கள், மற்றவர்களுடையது இயந்திரப் பண்ணை. ஆஸ்துமா ஆமிஷ் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேருக்கு, மற்றவர்களில் 21 பேருக்கு. வீட்டுத் தூசியே வேறாக இருந்தது. எதிர்ப்பு சக்தி என்றால் சண்டை போடுவது மட்டும் இல்லை, எதைக் கண்டு சும்மா இருக்க வேண்டும் என்பதையும் அது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மண்ணும் விலங்குகளும் மற்றப் பிள்ளைகளும்தான் அதற்கு ஆசிரியர்கள்.

இதை இங்கேயே நிறுத்திக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் போன வாரம் நினைத்தேன். நீ படித்துவிட்டு என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். "அப்பா அன்றைக்கும் இதைத்தான் சொன்னார்."

ஆமாம், சொன்னேன். தம்பிக்கு இரண்டு வயது, உனக்கு ஒன்பது. வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்று, "விடு, நாலு கிருமி உள்ளே போனால்தான் உடம்பு கெட்டிப்படும்" என்றேன். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று கொடுக்கவிடாமல் தடுத்தேன். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய் வாயாகக் கொடுத்திருக்க வேண்டிய நேரம் அது. மூன்றாம் நாள் அவன் கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், காலையிலிருந்து சிறுநீரே போகாமல் கிடந்தபோதுதான் ஓடினோம். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் அவர்கள் தேடியதை, அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு நீ பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தின நாள் அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயை நான்தான் குத்திவிட்டேன். சோப்பைத் தேடச் சோம்பல்பட்டு, வெறும் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவன் மடியில் ஏறினான். என் தட்டிலிருந்து என் கையாலேயே ஊட்டினேன். என் கையிலிருந்துதான் போனது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும். மருத்துவர் விசாரித்தபோது, "வீட்டில் தண்ணீரைச் சரியாகக் கொதிக்கவைத்திருக்க மாட்டாள்" என்று சொன்னேன். உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உறவினர்கள் வந்தபோதும் அதையே சொன்னேன். அவள் மறுக்கவே இல்லை. தன் தவறுதான் என்று நம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். பாத்திரத்தை, தரையை, உன் கைகளை. "போதும் அம்மா, எரிகிறது" என்று நீ கத்தியது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சொல்லவில்லை. 23 வருடமாகச் சொல்லவில்லை.

அதனால்தான் வந்த அன்று வாசலில் குட்டிப்பயல் என்மேல் தாவியதும் நீ அவனைப் பிடுங்கிக்கொண்டு, "முதலில் கையைக் கழுவுங்கள்" என்றபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இரண்டு நாள் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ சொன்னது சரி. பயணம் செய்து வந்த கை அது.

நான் அன்று பேசியதும் நீ இன்று செய்வதும் ஒரே பிழையின் இரண்டு பக்கம் என்று சொன்னால் அது நியாயமில்லை, பிழை என்னுடையது. ஆனால் இப்போது எனக்கு இது புரிகிறது: உடம்புக்குப் பாடம் சொல்லித்தரும் நுண்ணுயிர்கள் வேறு, சாக்கடையிலிருந்து வருவது வேறு. மலத்திலிருந்து வருவதும் பச்சை இறைச்சியிலிருந்து வருவதும் எந்தப் பிள்ளையையும் கெட்டிப்படுத்துவதில்லை. தட்டம்மையோ, உடம்பு சேர்த்துவைத்த எதிர்ப்பு நினைவில் ஒரு பகுதியையே அழித்துவிடும். ஆகவே கழிப்பறைக்குப் போய் வந்தால், டயப்பர் மாற்றினால், பச்சை இறைச்சியை வெட்டினால், வெளியிலிருந்து வந்தால், ஊட்டப்போகும் முன், வீட்டில் யாருக்காவது வாந்தியோ பேதியோ இருந்தால், கட்டாயம் கழுவு. ஒரு முறை, நன்றாக. அவன் தவழ்ந்த தரையையும், சுவரையும், பொம்மையையும் தினமும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டியதில்லை. தரையை மூன்று முறை துடைக்கிறாய், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் நாள் முழுக்கத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. 2017இல் ஜெர்மனியில் சோதித்தபோது அப்படிப்பட்ட ஸ்பாஞ்சில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடி பாக்டீரியா வரை இருந்தது. அதைப் பிழிந்து காயவை, வாரம் ஒன்று மாற்று.

களிம்பு போடு. தோல் மருத்துவரைப் பார்க்கிறேன் என்றாயே, போ. போகும்போது கழுவாமல் இருந்தால் மனம் அடங்குவதில்லை என்பதையும் அவரிடம் சொல். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

நேற்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே தொட்டியில் இருந்த கடைசித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவளுக்கு எழுதுங்கள்" என்றாள். அதனால் எழுதினேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

விரல் எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்கு நீயே ஒரு வரி எழுது.

அப்பா