முத்துப்பேட்டைப் படகுக்கு ஒரு பைனாகுலர்

சென்னை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. வலக்கண்ணில் கண்புரை நீக்கிய பிறகு நீல நிறம் மறுபடியும் நீலமாகவே தெரிகிறது என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தக் கண்ணுக்கு நீ முதலில் கொடுக்க நினைக்கும் விருந்து கோரையாற்றில் படகேறி அலையாத்திக் காட்டைக் கடந்து காயலுக்குப் போய்ப் பறவை பார்ப்பது என்பதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அதற்காக நீ வாங்க நினைக்கும் பைனாகுலரைப் பற்றித்தான் உடனே தடுத்து எழுத வேண்டியிருக்கிறது. கடைக்காரர் சொன்னார் என்பதற்காக 20x50 வாங்கிவிடாதே.

அந்த எண்களில் முதலாவது உருப்பெருக்கம்; இரண்டாவது முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இருபது மடங்கு என்றதும் பறவை இருபது மடங்கு அருகில் வந்துவிடும் என்று மனம் துள்ளுகிறது. ஆனால் கையின் நடுக்கமும் படகின் ஆட்டமும் அதே இருபது மடங்கு பெருகி வரும் என்பதைக் கடையில், அசையாத தரையில் நின்று பார்க்கும்போது யாரும் உணர்வதில்லை. தரையிலேயே பத்து மடங்குக்கு மேல் போனால் சாய்ந்துகொள்ள ஒரு சுவரோ முக்காலியோ தேவைப்படுகிறது. படகிலோ ஏழு அல்லது எட்டு மடங்குக்கு மேல் போனால் பூநாரைக் கூட்டம் வெள்ளைக் கோடுகளாகக் கண்முன் ஆடுவதைத்தான் காண்பாய். கடலோடிகள் பல தலைமுறைகளாக 7x50 என்ற அளவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால் வருவது, கண்ணருகே வெளிவரும் ஒளிவட்டத்தின் விட்டம். 7x50-க்கு அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர், 8x42-க்கு 5.25, நீ சொல்லும் 20x50-க்கோ வெறும் 2.5. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் 2.5 போதுமே என்று நீ கேட்கலாம். நிலத்தில் போதும். ஆனால் படகு குலுங்கும்போது அந்தச் சிறு வட்டத்துக்கு நேராகக் கண்ணை நிறுத்துவது ஊசியில் நூல் கோப்பதைப் போன்ற வேலை. கண் சற்று விலகினாலும் காட்சி கறுத்துப்போகும். வட்டம் பெரிதாக இருந்தால் கண் எங்கே அலைந்தாலும் படம் அறுபடாது. விடியற்காலை இருட்டுக்காக 7x50 வாங்க வேண்டும் என்பது மட்டும் நம் வயதுக்காரர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இளைஞனின் கண்மணி இருளில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். அறுபதைத் தாண்டிய நமக்கு பெரும்பாலும் ஐந்தைத் தொட்டாலே பெரிது.

இனி நீர் புகாமைக்கு வருகிறேன். இதில் எனக்குப் பட்டறிவு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பழவேற்காட்டு ஏரியில் ஒரு மோட்டார் படகில் போனபோது பக்கவாட்டில் வந்த அலை ஒன்று என் மடியை நனைத்துவிட்டுப் போனது. கழுத்தில் தொங்கிய 10x50-ஐத் துண்டால் துடைத்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்தேன். கரைக்குத் திரும்புவதற்குள் உள்ளே பனி படிந்ததுபோல் மங்கிவிட்டது. வெயிலில் வைத்துக் காயவைத்தும், மூன்று மாதம் கழித்து முப்பட்டகத்தின் மேல் சிலந்திவலை போலப் பூஞ்சை பிடித்திருந்தது. பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்த்துவிட்டு, சுத்தம் செய்ய ஆகும் செலவில் புதிதே வாங்கலாம் என்றார். வாங்கியபோது பெட்டியில் எழுதியிருந்ததை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன்: நீரைத் தாங்கும் என்றுதான் இருந்தது, நீர் புகாது என்று இல்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெட்டியில் உள்ள குறியீடு சொல்லிவிடும். ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான், ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. படகில் கொண்டுபோவதற்கு இரண்டாவதற்குக் குறைந்து எதையும் ஏற்காதே. அதோடு உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பப்பட்டிருக்க வேண்டும். ஈரமில்லாத அந்த வாயு அடைபட்டிருப்பதால் வெளியே வெப்பம் திடீரென மாறினாலும் உட்புறக் கண்ணாடியில் மூட்டம் படியாது. வெளிப்புறக் கண்ணாடிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கி உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பைனாகுலரை எடுத்தால் முன்லென்ஸ் மூடுபனி போல் வெளுக்கத்தான் செய்யும். அதைப் பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே, பத்து நிமிடம் பொறுத்தால் தானே தெளிந்துவிடும்.

அப்படியானால் கடலோடிகளுக்கென்றே செய்த 7x50-ஐ வாங்கிவிடலாமே என்று கேட்பாய். நானும் முதலில் அதைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் உன் படகு போகும் வழியை நினைத்துப் பார்த்தபோது மனம் மாறியது. கடற்படகு பைனாகுலர்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் குவியத்தைத் திருப்ப வேண்டும்; ஒருமுறை சரிசெய்துவிட்டால் சில பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாம் தெளிவாகவே தெரியும் என்பதால், தொலைவிலுள்ள கப்பலையும் கரையையும் பார்க்கிறவர்களுக்கு அது வசதி. நீயோ கோரையாற்றின் குறுகிய பகுதியில் பத்து மீட்டரில் மீன்கொத்தியைப் பார்த்துவிட்டு, அடுத்த நொடியே வானத்தில் வட்டமிடும் விராலடிப்பானைப் பார்க்க வேண்டியவன். உனக்கு நடுவில் ஒரே சக்கரம் உள்ளதுதான் உதவும். எடையும் இருக்கிறது: அந்த 7x50-கள் ஏறத்தாழ ஒரு கிலோ, 8x42-கள் பெரும்பாலும் முக்கால் கிலோவுக்குள் அடங்கும். இறங்கி வரப்பில் நடக்கும்போது கழுத்து அந்தக் கால் கிலோவை நன்றாகவே உணரும்.

சில கடற்படகு பைனாகுலர்களுக்குள் திசைகாட்டியும் அளவுகோடுகளும் இருக்கும். அந்தக் கோடுகளைக் கொண்டு தொலைவைக் கணக்கிடும் முறை அழகானது. அவற்றின் அளவு 'மில்': ஆயிரம் மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் உயரம் பிடிக்கும் கோணம். 30 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கம் பத்து மில் அளவுக்குத் தெரிந்தால், 30-ஐ ஆயிரத்தால் பெருக்கிப் பத்தால் வகுக்க, 3000 மீட்டர். ஆனால் திசைகாட்டி விஷயத்தில் ஒரு சங்கதி உண்டு. காந்த நடுக்கோடு, அதாவது காந்த முள் எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, நம் நாட்டின் தெற்கு முனைக்கு அருகில்தான் ஓடுகிறது. 1963-இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட, திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். ஐரோப்பாவுக்கென்று சமன் செய்த முள் இங்கே சாய்ந்து உரசக்கூடும். காயலுக்குள் வழி தெரிந்த படகுக்காரர் இருக்கும்போது உனக்கு அது தேவையும் இல்லை.

ஆகவே என் தேர்வு, நைட்ரஜன் நிரப்பிய, ஐ.பி.எக்ஸ் 7 தரத்திலான 8x42. இந்த வகைகளில் முப்பட்டகம் நேர்க்குழாய்க்குள் அமைவது வழக்கம். அவற்றில் முப்பட்டகத்தின் மேல் "ஃபேஸ் கோட்டிங்" (phase coating) என்ற மெல்லிய பூச்சு உண்டா என்று கேட்டு வாங்கு, அது இல்லாவிட்டால் விளிம்புகளின் கூர்மை குறையும். கடையில் பைனாகுலரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, வானத்துக்கு நேராகக் காட்டி, கண் வைக்கும் பக்கத்தைப் பார். வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் சாம்பல் நிறத்தில் சதுரமாக வெட்டியதுபோல் தெரிந்தால் மலிவான முப்பட்டகம் என்று வைத்துவிடு. செந்நிறத்தில் மின்னும் லென்ஸ்களும், உருப்பெருக்கத்தை மாற்றும் ஜூம் வகைகளும் பார்க்கப் பகட்டாக இருக்கும், இரண்டையும் தொடாதே.

கழுத்துப்பட்டையை மிதக்கும் வகையாக, ஆரஞ்சு நிறத்தில் தனியாக வாங்கிக்கொள். நீர் புகாத பைனாகுலரும் நீரில் மூழ்கும், சேற்றுக்காயலில் மூழ்கியதை யார் தேடி எடுப்பது? வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். உப்புப் பொரிந்திருக்கும்போது துணியால் தேய்த்தால் லென்ஸ் பூச்சு கீறிவிடும். தோல் உறைக்குள் வைக்காதே, அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வை. உன் வீட்டுப் பழைய முறுக்கு டப்பா போதும்.

மாத இறுதியில் என்னுடைய 8x42-ஐ எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். ஜாம்புவானோடையில் விடியலுக்கு முன் படகு கிடைக்குமா என்று விசாரித்து வை. இடக்கண்ணுக்கும் அறுவை முடியும்வரை எதையும் வாங்காதே. அதன் பிறகு நீ கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பாயா, கழற்றிவிட்டுப் பார்ப்பாயா என்பதை எழுது. போட்டுக்கொண்டுதான் என்றால், கண்ணுக்கும் பைனாகுலருக்கும் இடையே குறைந்தது 16 மில்லிமீட்டர் இடம் விடுகிற மாதிரியாக நான் தேட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்