முகாமுக்கு லீடராகப் போகும் மகனுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு,

ஸ்தோத்திரம். நீ வேலை பார்க்கும் பள்ளியில், பிள்ளைகளை வேதம் வாசிக்கப் பழக்கும் ஊழியமான ஸ்கிரிப்சர் யூனியனின் குழுவை இனி நீதான் நடத்தப் போகிறாய், விடுமுறை முகாமுக்கும் உன்னை லீடராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த மாதிரி ஒரு குழுவில் உட்கார்ந்துதான் நான் முதன்முதலாக யாரும் சொல்லாமலே வேதத்தைத் திறந்து வாசித்தேன். கல்லூரி நாட்களில் முகாம்களில் லீடராகவும் இருந்தேன். அதனால் உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம், எழுதியே விடுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்கிறேன். உன் முன்னால் வந்து உட்காரும் எந்தப் பிள்ளைக்கும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் நீ அதே முகத்தோடு அந்தப் பிள்ளையிடம் பேச வேண்டும். இனி நான் எழுதுவதெல்லாம் இதை ஒட்டித்தான் வரும்.

இந்த ஊழியம் ஆரம்பித்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அதில் ஒரு விஷயத்தைக் கவனித்தாயா என்று கேட்க வேண்டும். 1867 ஜூன் 2 அன்று லண்டனில் இஸ்லிங்டன் பகுதியில் ஒரு வீட்டு முன்னறையில் ஜோசையா ஸ்பையர்ஸ் என்ற இளைஞர் 15 பிள்ளைகளைக் கூட்டி, அவர்களுக்குப் புரிகிற மாதிரி பேசினார். பெரியவர்களுக்கான நீண்ட பிரசங்கத்துக்கு நடுவில் பிள்ளைகள் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டு வேல்ஸில் லான்டிட்னோ கடற்கரைக்குப் போனவர், "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று மணலில் பெரிதாக எழுதி, சிப்பியும் கடற்பாசியும் பொறுக்கி வந்து அந்த எழுத்துகளை அலங்கரிக்கும்படி அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் சொன்னார். பிறகு அவர்களுக்குக் கதை சொன்னார். இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிற வேலைக்கு வேர் அதுதான்.

நான் கவனிக்கச் சொல்வது அந்த இடத்தை. கடற்கரைக்குக் கதவு கிடையாது. பெற்றோர் கண்ணெதிரில் எல்லாம் நடக்கிறது. சலித்துப்போன பிள்ளை எழுந்து தண்ணீரைப் பார்த்து ஓடலாம், யாரும் பிடித்து இழுக்க முடியாது. அந்தப் பிள்ளை திரும்பி வந்தால் கதை அதற்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஊழியத்துக்கு இதைவிட நல்ல ஆரம்பம் அமைந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. அங்கே நீ ஆசிரியர். நீ கூப்பிட்டால் வராமல் இருப்பது ஒரு பிள்ளைக்குச் சுலபமில்லை. உன் வகுப்பில் மார்க் குறைந்துவிடுமோ என்றுகூட ஒரு பிள்ளை யோசிக்கும், அதை உன்னிடம் வாய்விட்டுச் சொல்லவும் சொல்லாது. ஆகவே குழுவை வகுப்பு நேரத்தோடு ஒட்ட வைக்காதே. மதிய இடைவேளையில் தலைமையாசிரியரின் அனுமதியோடு, எல்லோருக்கும் தெரிந்த அறையில், கதவைத் திறந்து வைத்து நடத்து. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று வகுப்பில் பேச்சே எடுக்காதே. பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கு. "நீதிபோதனை வகுப்பு" என்றோ "திறன் வளர்ப்பு" என்றோ பெயரை மாற்றி வாங்கக் கூடாது. வேதம் வாசிப்போம், பாடுவோம், ஜெபிப்போம் என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பு. வேறு மதத்துப் பிள்ளை நண்பனோடு எட்டிப் பார்க்க வந்தால் அன்பாக உட்காரவை, அந்த வீட்டுக்கும் தெரியட்டும். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, சிந்தனைக்கும் மனசாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரம் குழந்தைக்கு உண்டு என்கிறது, வழிகாட்டுகிற பெற்றோரின் உரிமையையும் கடமையையும் அதே பிரிவில் சொல்கிறது. சட்டம் சொல்கிறதே என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய சுவிசேஷம் எதுவும் நம்மிடம் இல்லை.

சரி, முகாமுக்கு வருகிறேன். அங்கே பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து தூங்குகிறார்கள். முதல் ராத்திரி சிலருக்கு அழுகை வரும், சிலர் அழுகையை மறைக்கச் சத்தம் போடுவார்கள். பாட்டும் விளையாட்டும் தூக்கக் குறைவும் சேர்ந்து, கடைசி நாளுக்குள் எல்லோருடைய மனசும் இளகிப்போயிருக்கும். அந்தக் கடைசி ராத்திரியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நெருப்பு மூட்டி உட்கார்ந்து, மெல்லிய பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பாடி, "உங்களை இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து முன்னால் வாருங்கள்" என்று பேச்சாளர் அழைப்பார். பக்கத்தில் இருக்கிறவள் எழுந்தால் இவளும் எழுவாள். அந்த நேரத்தில் எது பரிசுத்த ஆவியானவரின் கிரியை, எது கூட்டத்தோடு போகிற வேகம் என்று பெரியவர்களுக்கே பிரித்துச் சொல்ல வராது.

ஒரு முகாமில் என் அறைப் பிள்ளைகளில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. அழைப்பு கொடுத்ததும் அவள் வரிசையில் எல்லோரும் எழுந்தார்கள். அவள் மட்டும் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, நான் போகலைன்னா உங்களுக்குக் கோபமா?" என்று கேட்டாள். "இல்லைம்மா. நாளைக்குக் கயிறு இழுக்கிறப்போ நீ என் அணிதானே?" என்றேன். தலையாட்டினாள். கை தளர்ந்தது. மறுநாள் அணியில் முதல் ஆளாக வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் என்ன முடிவெடுத்தாள் என்று நான் விசாரிக்கவில்லை. அது அவளுக்கும் கர்த்தருக்கும் உள்ளது.

ஆகவே லீடர்கள் கூடித் திட்டம் போடும்போது நீ வாயைத் திறந்து பேசு. அழைப்பு கொடுப்பதென்றால் பகல் வெளிச்சத்தில், பிள்ளைகள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு கொடுக்கலாம். கையைத் தூக்கவோ முன்னால் வரவோ சொல்லத் தேவையில்லை. "பேச விரும்புகிறவர்கள் சாயங்காலத்துக்குள் உங்கள் லீடரிடம் வரலாம்" என்றால் போதும். எத்தனை பேர் ஒப்புக்கொடுத்தார்கள் என்று அறிக்கையில் எண் கேட்பார்கள். அந்த எண்ணைப் பெரிதாக்க வேண்டும் என்ற ஆசை யாரிடமாவது தெரிந்தால் எச்சரிக்கையாக இரு. நம்முடைய நல்ல மனிதர்களிடமும் அந்த ஆசை வரும்.

மாற்கு சுவிசேஷத்தில் 10ஆம் அதிகாரத்தை எடுத்து ஒரே மூச்சில் வாசித்துப் பார். பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள், தடுக்காதீர்கள் என்று ஆண்டவர் சொல்வது அங்கேதான். அடுத்த சில வசனங்களிலேயே ஆஸ்தியுள்ள ஒருவன் ஓடிவந்து முழங்கால்படியிடுகிறான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. உனக்கு உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு என் பின்னே வா என்று அவனிடம் கேட்கிறார். அவன் துக்கத்தோடு திரும்பிப் போகிறான், அவரும் போகவிடுகிறார். பின்னால் ஆள் அனுப்பவில்லை, கேட்டதைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. வருகிறவர்களைத் தடுக்காமல் இருப்பதையும் போகிறவனைப் போகவிடுவதையும் மாற்கு பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். முகாம் தியானத்துக்கு முதல் பகுதியை மட்டும் எடுக்கிறோம். நீ இரண்டையும் எடு.

இனி கசப்பான ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் யூவர்ன் முகாம்கள் என்று இருந்தன, ஸ்கிரிப்சர் யூனியனோடு சேர்ந்து வளர்ந்தவை. அங்கே முக்கியப் பொறுப்பில் இருந்த ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞர் 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் முகாமில் பழகிய பையன்களைத் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போய், பாவத்துக்குத் தண்டனை என்று சொல்லி இரத்தம் வரும்வரை பிரம்பால் அடித்தார். வெளியே சத்தம் கேட்காதபடி அமைத்த கொட்டகை அது. 1982-இலேயே உள்ளுக்குள் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. போலீசுக்கு யாரும் போகவில்லை. அவர் ஜிம்பாப்வேக்குப் போனார், அங்கேயும் முகாம் நடத்தினார், அங்கேயும் அடித்தார். 2024 நவம்பரில் இதைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்தபோது பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல் என்று தெரிந்தது, இங்கிலாந்து திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயரே பதவி விலகினார். கடற்கரையில் ஆரம்பித்த வேலை ஒரு கொட்டகைக்குள் போய் முடியும் அளவுக்கு எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று பயந்து மூடினார்கள். நீ அந்தப் பயத்துக்கு ஒருநாளும் இடம் கொடுக்காதே.

முகாமில் பிள்ளைப் பாதுகாப்புப் பயிற்சி என்று வைப்பார்கள். பாதிப் பேர் அதைச் சடங்காக நினைத்துக் கையெழுத்துப் போடுவார்கள். நீ முழுசாக உட்கார்ந்து கேள். ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டுமென்றால் மற்றவர்கள் பார்வையில் படுகிற திண்ணையிலோ மரத்தடியிலோ பேசு. பிள்ளைகளின் மாத்திரைகளைப் பெயர் எழுதிய அதன் சொந்த டப்பாவிலேயே வாங்கி வை. எத்தனை மணிக்கு யார் கொடுத்தது என்று நோட்டில் எழுதச் சொல். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதே. "உனக்கு உதவ வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடு. பிள்ளை ஏதாவது மனம்விட்டுச் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காதே, அது சொன்ன வார்த்தையிலேயே அன்றைக்கே எழுதி, பாதுகாப்புப் பொறுப்பாளர் கையில் கொடு. குற்றம் சொல்லப்படுகிறவர் உனக்கு வேதம் கற்றுத்தந்தவராக இருந்தாலும் இதேதான். மூடி மறைப்பதைப் பார்த்தால் போலீசுக்கே போ, அம்மா உன் பக்கம்.

வேத வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1879 ஏப்ரல் 1 முதல் இந்த இயக்கம் தினசரி வாசிப்பு அட்டையை வெளியிட்டது. தன் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பட்டியல் எழுதிக் கொடுத்துவந்த ஆனி மார்ஸ்டன் என்ற பெண்தான் அந்த யோசனையைச் சொன்னவர். எனக்கு இந்த ஊழியத்திலேயே மிகவும் பிடித்தது அதுதான். பெரிய பேச்சாளர் தேவையில்லை. பிள்ளை தானே ஒரு சின்னப் பகுதியை வாசிக்கிறது, இதில் தேவனைப் பற்றி என்ன தெரிகிறது, நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது. உன் குழுவிலும் நீ பேசுகிற நேரத்தைக் குறை. பத்து வசனம் வாசிக்கவைத்து, இரண்டு நிமிடம் அமைதியாக விடு, அப்புறம் அவர்கள் பேசட்டும். தப்பாகச் சொன்னாலும் பாய்ந்து திருத்தாதே. சந்தேகம் கேட்கிற பிள்ளையை விசுவாசம் குறைந்தவன் என்று நினைக்காதே, உண்மையாக வாசித்தவனுக்குத்தான் சந்தேகம் வரும்.

முகாம் முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளோடு உன் போனிலிருந்து தனியாகச் செய்தி அனுப்பிப் பேசும் பழக்கம் வேண்டாம். வாழ்த்து அட்டையோ வாசிப்பு நோட்டோ அனுப்புவதென்றால் பெற்றோர் பெயருக்கு, முகாம் அலுவலகம் வழியாக அனுப்பு.

தேதி உறுதியானதும் எழுது. அப்பாவும் நானும் தினமும் ஜெபிப்போம். ஜெபக் குறிப்பு அனுப்பும்போது பிள்ளைகளின் பெயர், வீட்டு விவரம் எதுவும் வேண்டாம், "என் அறையில் இத்தனை பேர்" என்று மட்டும் சொல். அதை வைத்தே ஜெபித்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அம்மா